வெடித்த தோட்டாவுக்கு மறுபிறவி! அமெரிக்க ரீலோடர்கள் பித்தளையைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பது ஏன்?

பஞ்சு விலை ஏறினா என்ன ஆகும்? நூல் விலை ஏறும், வேட்டி விலை ஏறும், திருப்பூர் பனியன் விலை ஏறும். இது நமக்குத் தெரிஞ்ச கதை. ஆனால், பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தா அமெரிக்காவில் ஒருத்தர் தன் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து தோட்டா செய்ய முடியாமல் தவிப்பார்னு சொன்னா நம்புவீங்களா?

நம்பித்தான் ஆகணும். உக்ரைன் போர், சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, செம்பு மீதான வரி என்று உலக அரசியலின் பெரிய பெரிய தலைப்புச் செய்திகள் எல்லாம், கடந்த சில வருடங்களில், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பித்தளை உறையின் மேல் வந்து இறங்கியிருக்கின்றன. அந்த உறையை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம், அதே சமயம் குறி தப்பாமல் எப்படிச் சுடலாம் என்பதுதான் அந்த ஊர் 'ரீலோடிங்' ரசிகர்களின் தீராத கேள்வி.

துப்பாக்கிக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்னு கேட்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. நெயில் பாலிஷ், நீலகிரி, வீட்டுப் பித்தளைக் குடம், வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை லாயம்னு நமக்குப் பழக்கமான பல விஷயங்கள் இந்தக் கதையில் வருது.

முதல்ல, தோட்டான்னா என்ன?

சினிமாவில் 'டுமீல்'னு பாயுதே, அது தோட்டா இல்லை. தோட்டாவின் நான்கு பாகங்களில் ஒன்று மட்டும்தான் அது. முன்னால் இருப்பது குண்டு. உள்ளே இருப்பது வெடிமருந்துப் பவுடர். அடியில் பொட்டு மாதிரி ஒட்டியிருப்பது பிரைமர். இதைத்தான் துப்பாக்கியின் ஊசி தட்டும், தட்டினதும் தீப்பொறி கிளம்பும். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது பித்தளை உறை.

சுட்டதும் குண்டு பறந்துவிடும், பவுடர் எரிந்துவிடும், பிரைமர் வெடித்துத் தீர்ந்துவிடும். மிஞ்சுவது உறை மட்டுமே. தரமான புது உறை வாங்கினால், நான்கு பாகங்களில் பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். அதைப் போய் குப்பையில் போடுவாங்களா? சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, புதுப் பிரைமர், புதுப் பவுடர், புதுக் குண்டு வைத்தால் தோட்டா மறுபடி தயார். இதுதான் ரீலோடிங்.

எல்லாத் தோட்டாவிலும் இது நடக்காது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்த 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பயன்படுவது '.22 லாங் ரைஃபிள்' தோட்டா. அதில் பிரைமர் தனியாக இருக்காது. உறையின் விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்தைப் பூசியிருப்பார்கள். ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடுவதால், ஒருமுறை சுட்டால் கதை முடிந்தது. ரீலோடிங் எல்லாம் நடுவில் பிரைமர் உள்ள வகைகளுக்குத்தான். சிறிய ரகங்களில் 1964-ல் வந்த '.223 ரெமிங்டன்' அமெரிக்காவில் மிகப் பிரபலம்.

அங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசு உரிமம் தேவையில்லை. செய்து விற்றால்தான் உரிமம் வேண்டும். அதனால் கார் ஷெட், மாடி அறை, பழைய மேஜை எனக் கிடைத்த இடத்தில் ஒரு பிரஸ்ஸை முடுக்கிவிட்டு லட்சக்கணக்கானோர் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள்.

தட்டுப்பாட்டில் பிறந்த தொழில்

இந்தப் பழக்கத்துக்கும் தட்டுப்பாட்டுக்கும் ரொம்ப நாள் உறவு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் வேட்டைக்கான குண்டு கடைகளில் கிடைக்காதபோது, கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் என்பவர் ஒரு யோசனை செய்தார். ரீலோட் செய்ய முடியாத .22 காலி உறைகள்தான் எங்கே பார்த்தாலும் கிடக்கின்றனவே? அவற்றை அச்சில் வைத்து அழுத்தி, சிறிய குண்டுகளுக்கு மேலுறையாக மாற்றினார். 1943-ல் அப்படித் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ் நிறுவனம் இன்று ரீலோடிங் உலகத்தில் எல்லோரும் அறிந்த பெயர்.

கொரோனா காலத்தில் அதே நிலைமை திரும்ப வந்தது. 2020-ல் அமெரிக்காவில் துப்பாக்கி விற்பனை எகிறியது, கடைகளில் தோட்டா காலி. அதே வருடம் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. பிரைமர் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். 2021 ஆகஸ்ட்டில், அலெக்ஸி நவால்னிக்கு விஷம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில் ரஷ்யா மீது அமெரிக்கா புதிய தடைகளை அறிவித்தது. அதில் ரஷ்யத் தோட்டா இறக்குமதியும் அடங்கும். விலை குறைந்த தோட்டாவுக்கு இருந்த ஒரு பெரிய வழியும் அடைந்தது.

அதன் பிறகு வந்ததுதான் உக்ரைன் போர்.

நெயில் பாலிஷும் பீரங்கியும்

தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லாப் பவுடரின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். நெயில் பாலிஷ் காய்ந்ததும் பளபளனு ஒரு படலம் நிற்குதே, அதிலும் இதே குடும்பத்துப் பொருள்தான். வெடிமருந்துக்கு ஆகிற ரகத்தில் நைட்ரஜன் அளவு அதிகம். இதைச் செய்யப் பஞ்சு வேண்டும். பருத்தியை அரைத்த பிறகு கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் குட்டை இழைகளுக்கு 'லின்டர்' என்று பெயர். அதுதான் மூலப்பொருள்.

பீரங்கிக் குண்டு ஒவ்வொன்றையும் தள்ளிவிட கிலோ கணக்கில் பவுடர் வேண்டும். உக்ரைனில் இரண்டு பக்கமும் தினமும் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளும்போது, உலகத்தின் நைட்ரோசெல்லுலோஸ் எங்கே போகும்? ஐரோப்பா தன் லின்டர் தேவையில் 70 சதவிகிதத்துக்கும் மேல் சீனாவை நம்பியிருக்கிறது என்று ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனத் தலைவர் ஆர்மின் பாப்பெர்கர் 2024-ல் கவலைப்பட்டார். அடுத்த வருடமே அந்த நிறுவனம் ஹாகெடோர்ன் என்ற நைட்ரோசெல்லுலோஸ் தயாரிப்பாளரை வாங்கிப்போட்டது.

ராணுவத்துக்குப் போக மிச்சம்தானே பொழுதுபோக்குக்காரர்களுக்கு? 2023 இறுதியில் விஸ்டா அவுட்டோர் நிறுவனம் விலை உயர்வை அறிவித்தபோது, உலகளாவிய வெடிமருந்துத் தட்டுப்பாட்டைத்தான் காரணமாகச் சொன்னது. 2024 தொடக்கத்தில் அலையன்ட் பவுடர் நிறுவனம் ரீலோடர்களுக்கான பவுடர் அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தியது.

அதோடு முடியவில்லை. ஈயக் குண்டைக் கடினமாக்கவும் பிரைமரிலும் பயன்படும் ஆன்டிமனி உலோகத்தின் ஏற்றுமதிக்கு சீனா 2024 செப்டம்பரில் கட்டுப்பாடு விதித்தது. டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பவே தடை போட்டது. 2025 ஆகஸ்ட்டில் பாதி உருவான செம்புப் பொருள்களின் இறக்குமதிக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தது. தோட்டாப் பித்தளையில் 70 சதவிகிதம் செம்புதான். 2024 நவம்பரில் ஃபெடரல், ரெமிங்டன், சி.சி.ஐ ஆகிய தோட்டா பிராண்டுகள் மொத்தமாக செக் நாட்டின் சி.எஸ்.ஜி குழுமத்தின் கைக்குப் போயின. அமெரிக்காவில் பிரைமருக்குப் பேர்போன பெரிய பிராண்டுகள் நான்கு. அதில் மூன்று இப்போது ஒரே முதலாளியிடம்!

இந்தச் சங்கிலியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு கண்ணி உண்டு. குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் 1903-ல் தொடங்கப்பட்ட கார்டைட் ஃபேக்டரி, நைட்ரோசெல்லுலோஸை வைத்து உந்துமருந்து செய்யும் தொழிற்சாலைதான். ஊட்டி ரயிலில் போகும்போது அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள். பஞ்சு எப்படி வெடிமருந்தாகிறது என்ற வேலையை நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்துவரும் ஊர் அது.

சரி, பவுடரையும் பிரைமரையும் ரீலோடர் தன் வீட்டில் செய்ய முடியாது. அவர் கையில் இருப்பது பித்தளை உறை மட்டும்தான். அதனால்தான் எல்லாக் கவனமும் அதன் மேல் திரும்புகிறது.

55,000 பி.எஸ்.ஐ... உறைக்குள் என்ன நடக்குது?

உங்க கார் டயரில் காற்றழுத்தம் சுமார் 32 பி.எஸ்.ஐ. ஒரு .223 தோட்டா வெடிக்கும்போது உள்ளே அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 55,000 பி.எஸ்.ஐ. அதாவது, ஏறத்தாழ 1,700 மடங்கு. இது நடப்பது சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி.

அந்த அழுத்தத்தில் பித்தளை பலூன் மாதிரி விரிந்து, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால் கசியாமல் அடைக்கும். அழுத்தம் இறங்கினதும் கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் வெளியே உருவ முடிகிறது. உறையை இரும்பில் செய்யாமல் பித்தளையில் விரும்பிச் செய்வதற்கு முக்கியக் காரணம், இந்த 'விரிந்து சுருங்கும்' குணம்.

ஆனால், முழுசாகப் பழைய அளவுக்குச் சுருங்காது. மறுபடி சேம்பருக்குள் போக வேண்டுமென்றால் அச்சில் வைத்து அழுத்த வேண்டும். சுடும்போது விரியும், அழுத்தும்போது சுருங்கும், திரும்ப விரியும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதலில் விறைக்கும், பிறகு 'டப்'னு முறியும். அதேதான் இங்கேயும்.

உறையின் மூன்று மரணங்கள்

ஒன்று, இடுப்பு அறுவது. உறையின் தோள்பகுதியை அச்சில் அதிகமாகப் பின்னால் அழுத்திவிட்டால், சேம்பருக்குள் அது லூஸாக உட்காரும். சுடும்போது மெல்லிய முன்பாகம் சுவரைப் பிடித்துக்கொள்ள, தடித்த அடிப்பாகம் பின்னால் தள்ளப்படும். நடுவில் இருக்கும் பித்தளை இழுபடும். ஒவ்வொரு முறையும் இழுபட்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ஒரு வளையமாக மெலிந்து, ஒருநாள் உறை இரண்டாகப் பிரியும். மிக ஆபத்தான மரணம் இதுதான். சூடான வாயு பின்பக்கம் பீய்ச்சலாம்.

இரண்டு, கழுத்து வெடிப்பது. குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்துப்பகுதிதான் அதிகம் சுருக்கப்பட்டு விரிக்கப்படுகிற இடம். விறைத்துப்போய் நெடுக்காக விரிசல் விடும்.

மூன்று, பிரைமர் குழி தளர்வது. அழுத்தம் எல்லை மீறும்போது அடிப்பாகமே விரியும். அடுத்த முறை பிரைமரை வைத்தால் பிடிப்பே இல்லாமல் நழுவி உட்காரும். அந்த உறைக்கு வைத்தியம் இல்லை, நேராகக் குப்பைதான்.

இப்போ இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உறையின் ஆயுளும் குறியின் துல்லியமும் எதிரெதிர் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். 'துல்லியம் வேணும்னா உறையைக் கசக்கிப் பிழியணும், ஆயுள் வேணும்னா துல்லியத்தை விட்டுக்கொடுக்கணும்' என்ற கணக்கு. உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உறையைக் கொல்கிற அதே காரணங்கள்தான் குறியையும் கெடுக்கின்றன.

கழுத்து விறைத்த உறை ஒன்று, மெத்தென்ற உறை ஒன்று என்று கலந்து இருந்தால், குண்டை ஒன்று இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று லேசாகப் பிடிக்கும். வேகம் மாறும். வேகம் மாறினால் தூரத்தில் ஒரு குண்டு மேலே, ஒரு குண்டு கீழே. சேம்பரில் லூஸாக உட்காரும் உறை, குண்டை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணத்தில் நிறுத்தலாம். மொத்தத்தில், பித்தளையைத் தேவைக்கு மேல் தொந்தரவு செய்யாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடத்தினால் இரண்டுமே கிடைக்கும்.

அவங்க என்ன பண்றாங்க?

அளந்து அழுத்துகிறார்கள். சுட்ட உறையின் தோள் எங்கே இருக்கிறது என்று கேஜ் வைத்து அளந்து, போல்ட் ரைஃபிளாக இருந்தால் பொதுவாக ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்னால் தள்ளுகிறார்கள். ஒரு ஏ4 தாளின் தடிமன் ஆயிரத்தில் நான்கு பங்கு. அதில் பாதிக்கு மேல் இல்லை! இடுப்பு அறும் பிரச்னைக்கு முதல் மருந்து இதுதான்.

கழுத்தைத் தேவையில்லாமல் சுருக்குவதில்லை. சாதாரண அச்சு கழுத்தை ரொம்ப ஒடுக்கிவிட்டு, பிறகு உள்ளே ஒரு உருண்டையை இழுத்து விரிக்கும். இரட்டை வேலை, இரட்டைத் தேய்மானம். அந்த இழுவையில் கழுத்து கோணலாகவும் வாய்ப்பு உண்டு. அதனால் சரியான அளவு வளையம் பொருத்தும் அச்சுகளை விரும்புகிறார்கள்.

சூடு காட்டுகிறார்கள். பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர்கள் இடையிடையே உலோகத்தைக் காய்ச்சி இளக்குவார்கள் இல்லையா? இல்லாவிட்டால் தட்டத் தட்ட விறைத்து விரிசல் விடும். அதே தத்துவம்தான் இங்கே 'அனீலிங்'. கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடி சூடாக்கி மெத்தென்று ஆக்குகிறார்கள். அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது. அது இளகிவிட்டால் 55,000 பி.எஸ்.ஐ-யை யார் தாங்குவது?

நீளத்தை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பித்தளை முன்னோக்கி வழிந்து உறை நீளும். .223-க்கு அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம். தாண்டினால் உறையின் வாய் குழலின் தொடக்கத்தில் சிக்கி, குண்டை நெரிக்கும். அழுத்தம் எகிறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேக வெறியை விடுகிறார்கள். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்கு ஒட்டிப் பவுடர் நிரப்பினால் கொஞ்சம் வேகம் கூடும், ஆனால் பிரைமர் குழிகள் சீக்கிரம் தளரும். பல ரைஃபிள்கள் சற்றுக் குறைந்த அளவில்தான் நல்ல குறி காட்டுகின்றன. அப்புறம் எதற்கு அந்த அவசரம்?

சிறிய ரகங்களில் இந்தப் பொறுமை இன்னும் அதிகம் தேவை. ஒரு பவுண்டு பவுடரில் 7,000 கிரெய்ன். .223-க்கு ஒரு தோட்டாவில் தோராயமாக 25 கிரெய்ன் போகும் என்று வைத்தால், ஒரு டப்பாவில் 280 தோட்டா. அளப்பதில் பத்தில் ஒரு கிரெய்ன் தப்பினால் பெரிய ரகத் தோட்டாவில் அது கடலில் கரைத்த பெருங்காயம். சிறியதில் அது 0.4 சதவிகித வித்தியாசம்.

சின்ன உறையிலும் அற்புதம் செய்யலாம் என்று காட்டியது 6 மி.மீ பி.பி.சி. 1975-ல் லூ பால்மிசானோ என்ற மருத்துவரும், ஃபெர்ரிஸ் பின்டெல் என்ற கருவி வடிவமைப்பாளரும் சேர்ந்து, '.220 ரஷ்யன்' என்ற ரகத்தின் உறையை மாற்றி அமைத்தார்கள். மேஜையில் ரைஃபிளை வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளில் அது பல பத்தாண்டுகள் கோலோச்சியது. பனிப்போர் காலத்தில் ரஷ்ய உறையை அமெரிக்கர்கள் தத்தெடுத்த கதை!

மூணு பால்ல பேட்ஸ்மேனை எடை போடலாமா?

2023-ல் கார்மின் நிறுவனம் உள்ளங்கை அளவு ரேடார் வேகமானி ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை பெரிய ஏற்பாடு செய்து அளந்த குண்டின் வேகம், சட்டென்று போனில் தெரிய ஆரம்பித்தது. விளைவு, பழைய நம்பிக்கைகள் பல ஆட்டம் கண்டன.

மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் 'சூப்பர் ஃபார்முலா'ன்னு முடிவு கட்டுவது வழக்கம். மூன்று பந்தில் இரண்டு சிக்ஸர் அடித்தவரை அடுத்த தோனின்னு சொல்ற மாதிரிதான் இது. இருபது, முப்பது குண்டு சுட்டுப் பார்த்தால், பல 'ரகசிய' வித்தைகளுக்கும் சாதாரண முறைக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. நல்ல குழல், நல்ல குண்டு, ஒரே மாதிரியான உறை இந்த மூன்றும்தான் பெரும்பங்கு. பவுடர் கிடைக்காத காலத்தில், பயனில்லாத சோதனைகளில் அதை வீணடிக்காமல் இருப்பதும் சிக்கனம்தானே?

மழைக்காலமும் குதிரை லாயமும்

பித்தளை உறைக்கு நம் நாட்டோடு ஒரு பழைய பகை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் இருந்த ராணுவக் கிடங்குகளில், சுடாமலே வைத்திருந்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. காரணம் புரியாமல், 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். பல தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, ஈரக்காற்று, அழுத்தி உருவாக்கியதால் பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் கூட்டணி வைத்ததுதான் காரணம் என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உருவாக்கிய பிறகு லேசாகச் சூடு காட்டி அந்த இறுக்கத்தை எடுத்துவிடுவதே தீர்வானது.

இன்றைக்கும் அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டு உறையைத் துலக்காதீர்கள் என்று ரீலோடர்களுக்குச் சொல்லித்தருவது அதனால்தான். பதிலுக்கு அவர்கள் என்ன போடுகிறார்கள் தெரியுமா? எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, சுழலும் டிரம்மில் உறைகளோடு போட்டு உருட்டுகிறார்கள். நம்ம வீட்டில் பாட்டி புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்க்கிற அதே வேதியியல்!

தட்டுப்பாடு எப்போ ஆபத்தாகிறது?

சிக்கனம் நல்லது. ஆனால், 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்ற ஆசையில்தான் வினை தொடங்குகிறது.

ஓர் உறையை எத்தனை முறை பயன்படுத்தலாம்? இதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. கவனமாக நடத்திய உறை பத்து முறைக்கு மேலும் தாங்கலாம், முரட்டுத்தனமாக நடத்தியது நான்கைந்திலேயே போகலாம். அதனால் எண்ணிக்கையைவிட அறிகுறிதான் முக்கியம். கம்பியின் நுனியை வளைத்து உறைக்குள் விட்டு, சுவரோடு உரசிப் பார்ப்பார்கள். அடிப்பாகத்துக்கு மேலே ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறை அன்றோடு ஓய்வு. வெளியே பளிச்சென்ற வளையக்கோடு தெரிந்தாலும் அப்படியே.

இன்னொரு ஆபத்து, பவுடர் மாற்றம். வழக்கமான டப்பா கிடைக்கவில்லை என்றதும் பெயர் ஒத்துப்போகும் வேறு டப்பாவை வாங்கி, பழைய அளவிலேயே நிரப்புவது. ஹாட்ஜன் 4895, ஐ.எம்.ஆர் 4895 என்று ஒரே எண்ணில் இரண்டு பவுடர்கள் கடையில் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பவுடர் மாறினால், உறையோ பிரைமரோ மாறினால்கூட, கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். பதற்றத்தில் முதலில் மறந்துபோவதும் அதுவே.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆபத்து ஈயம். வழக்கமான பிரைமர்களில் ஈயக் கலவை இருக்கிறது. சுட்ட உறைகளை உலர்முறையில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது தூசியாகக் கிளம்பும். அதைச் சமையலறை மேஜையில், குழந்தைகள் விளையாடும் இடத்தில் செய்தால், சேமித்த காசைவிட ஆஸ்பத்திரிச் செலவு அதிகமாகும்.

நம்ம ஊர்ல?

ஆர்வத்தில் யாரும் யூடியூபைத் திறந்து இறங்கிவிடாதீர்கள். இந்தியாவின் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும்கூட அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு, இங்கே சிறைக்கு வழி.

ஆனாலும் இந்தக் கதை நமக்கு ஒன்று சொல்கிறது. ஒரு பொருள் தாராளமாகக் கிடைத்தபோது யாரும் அதன் ஆயுளைப் பற்றிக் கவலைப்படவில்லை. எங்கேயோ ஒரு போர், எங்கேயோ ஒரு ஏற்றுமதித் தடை வந்ததும்தான் தேவைக்கு மேல் அழுத்தாமல், அவசரப்படாமல், அளந்து செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யும்போது பொருளும் நீடிக்கிறது, வேலையும் நேர்த்தியாகிறது. போன் பேட்டரி முதல் பைக் இன்ஜின் வரை நாம் தினமும் கசக்கிப் பிழியும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கூடவே இன்னொன்றும். நீடிக்க வைக்கத் தெரிந்தவருக்கு, எப்போது நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பத்து முறை உழைத்த உறையை, பள்ளம் தட்டுப்பட்ட அந்த நொடியில் எந்த வருத்தமும் இல்லாமல் குப்பையில் போடுகிறவர்தான் நல்ல ரீலோடர். புதுப் பித்தளை எங்கே கிடைக்கும் என்று தெரியாத இந்தக் காலத்திலும்கூட!